வெட்டிய றோசாத் தண்டு வேர்கொள்வது எவ்வாறு?

பரிசளிப்பு விழா முடிந்த மறுவாரம், பூச்சாடியிலிருந்த றோசா மலர்கள் வாடிக் குப்பைக்குப் போகின்றன. மலரின் வாழ்வு முடிந்துவிட்டது. எனினும் அதைத் தாங்கிய தண்டு இன்னும் பச்சையாக இருக்குமாயின் அது உயிருள்ள தாவரப் பகுதியே. தகுந்த நிலைமைகளை வழங்கினால் அதிலிருந்து புதிய றோசாச் செடியொன்றைப் பெறலாம்.

இப்பாடத்தைப் படிக்கும்போது ஒரு விடயத்தை மனத்திற் பதியுங்கள். வெட்டிய தண்டுக்கு வேர் இல்லை; ஆனால் அதன் இலைகளிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். புதிய வேர் தோன்றும்வரை தண்டு உலரவும் கூடாது, அழுகவும் கூடாது. செய்முறையின் படிகளுட் பெரும்பாலானவை இந்த ஒரு தேவைக்காகவே உள்ளன.

விதை இருக்கத் தண்டு எதற்கு?

தோட்ட றோசாக்களிற் பெரும்பாலானவை கலப்புப் பிறப்பாக்கத்தாற் பெறப்பட்ட வர்க்கங்கள். அவற்றின் விதைகளிலிருந்து வளரும் செடிகள் நிறத்திலும் வடிவிலும் தாய்த்தாவரத்தை ஒத்திருக்கமாட்டா. தண்டு வெட்டுத்துண்டு மூலம் நடைபெறுவது பதிய முறை இனப்பெருக்கம் ஆகும். இங்கு புணரிகளின் சேர்க்கை இல்லை. ஆகவே மகட்தாவரம் தாய்த்தாவரத்தின் இயல்புகளை அப்படியே கொண்டிருக்கும்.

வேர் எங்கிருந்து வருகின்றது?

தண்டை வெட்டியதும் காயப்பட்ட இடத்திலுள்ள கலங்கள் பிரிந்து, வெண்ணிறமான மென்மையான இழையமொன்றை உண்டாக்கும். தண்டின் உச்சியிலும் இளம் இலைகளிலும் தோன்றும் ஒட்சின் என்னும் ஓமோன் கீழ்நோக்கிக் கடத்தப்பட்டு அடிப்பகுதியிற் சேரும். இதன் தூண்டலால் மாறிழையத்தை அண்டிய கலங்களிலிருந்து வேர்கள் உருவாகும். இவை முளைவேரிலிருந்து தோன்றாதவை. ஆகவே இடம்மாறிப் பிறந்த வேர்கள் எனப்படும். வேர்கொள்ளலைத் தூண்டும் ஓமோன் தூள்களில் உள்ளதும் செயற்கை ஒட்சினே.

செய்முறையும் காரணமும்

1. அண்மையில் வெட்டப்பட்ட, பென்சிலளவு தடிப்புள்ள, நோயற்ற தண்டைத் தெரிவு செய்க. பல நாள் சாடியிலிருந்த தண்டில் உணவுச் சேமிப்புக் குறைந்திருக்கும்.

2. வாடிய மலரை அகற்றுக. இன்றேல் சேமிப்பு உணவு மலருக்கும் காய்க்கும் செலவாகும்.

3. கூரிய, சுத்தமான கத்தியால் 15 – 20 சென்ரிமீற்றர் நீளமாக, 3 அல்லது 4 கணுக்கள் இருக்குமாறு வெட்டுக. கீழ் வெட்டு கணுவிற்குச் சற்றுக் கீழே அமைய வேண்டும். கணுவை அண்டியே வேர்கள் இலகுவில் தோன்றும். மேல் வெட்டு கணுவிற்குச் சற்று மேலே சரிவாக அமைய வேண்டும். அதில் நீர் தேங்காது.

4. உச்சியில் ஓரிரு இலைகளை விட்டு ஏனையவற்றை அகற்றுக. ஆவியுயிர்ப்பு குறையும்; எஞ்சிய இலைகள் ஒளித்தொகுப்பு மூலம் உணவு வழங்கும்.

5. மணலும் தும்புச்சோறும் சம அளவிற் கலந்த ஊடகத்தில் இரண்டு கணுக்கள் புதையுமாறு நடுக. இக்கலவை ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதுடன் காற்றோட்டமும் உள்ளது. வேர்கள் தோன்றி வளரச் சுவாசத்துக்கு ஒட்சிசன் தேவை.

6. நீரூற்றியபின் ஒளி ஊடுபுகவிடும் பொலித்தீன் உறையால் மூடி, நிழலில் வைக்குக. உறையினுள் ஈரப்பதன் உயர்வதால் நீரிழப்புக் குறையும். நேரடி வெயிலில் வைத்தால் உட்புறம் வெப்பமடைந்து தண்டு கருகிவிடும்.

தளிரைக் கண்டு ஏமாறாதீர்கள்

இரண்டொரு வாரத்திற் கக்க அரும்பு விரிந்து தளிர் தோன்றலாம். "வேர் வந்துவிட்டது" எனப் பலர் இந்நேரத்தில் உறையை நீக்கிவிடுவர். சில நாளிற் செடி வாடிவிடும். காரணம் யாது? தண்டிலுள்ள சேமிப்பு உணவைக்கொண்டே தளிர் விரியலாம். அதற்கு வேர் இருந்தேயாக வேண்டுமென்பதில்லை. வேர்கொள்ள 4 – 8 வாரங்கள்வரை செல்லலாம். தண்டை மெதுவாக இழுக்கும்போது அது பிடிப்புடன் இருந்தால் வேர் தோன்றியுள்ளதாகக் கொள்ளலாம். அதன்பின்னும் உறையை ஒரேயடியாக நீக்காது, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் திறந்து செடியை வெளிச்சூழலுக்குப் பழக்குக. இது வன்மைப்படுத்தல் ஆகும்.

எல்லாத் துண்டுகளும் வேர்கொள்வதில்லை. சில வர்க்கங்கள் இம்முறையில் அரிதாகவே வேர்கொள்ளும். அவற்றை வீரியமான ஒட்டுக்கட்டையில் அரும்பொட்டு மூலம் பெருக்குவர். எனவே ஒரு துண்டை மட்டும் நம்பாது பல துண்டுகளை நடுக.

மாதிரி வினா

வெட்டுத்துண்டில் இலைகள் முழுவதையும் அகற்றாது சிலவற்றை விடுவது ஏன்?

"உணவு தயாரிக்க" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையடையாது. பின்வருமாறு எழுதுக: "வேரற்ற துண்டில் நீரிழப்பைக் குறைக்கப் பெரும்பாலான இலைகள் அகற்றப்படுகின்றன. வேர்கொள்ளலுக்குத் தேவையான உணவையும் ஒட்சினையும் வழங்குவதற்காகச் சில இலைகள் விடப்படுகின்றன."

படிகளை வரிசையாக மனனஞ் செய்வதோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு படியிலும், "இது உலர்வதைத் தடுக்கின்றதா, அழுகுவதைத் தடுக்கின்றதா, வேரைத் தூண்டுகின்றதா?" என வினவுங்கள். செவ்வரத்தை, குரோட்டன் பற்றி வினா வந்தாலும் இதே வழியிற் சிந்தித்து விடையளிக்கலாம்.