எந்திரத்தின் நாடி

நுழையும்முன்

விளைநிலத்திற்கும் சந்தைக்கும் இடையே நாள்தோறும் சென்றுவருபவை சிறு சரக்கு ஊர்திகள். அவற்றுள் ஒன்று பழுதாகி நின்றால், அதை நம்பி வாழும் குடும்பத்தின் அன்றைய வருவாயும் நின்றுபோகிறது. டீசல் எந்திரத்தில் தோன்றும் கோளாறுகளை அறியும் வழியையும் அவற்றைக் குறைந்த செலவில் சீர்செய்யும் முறையையும் இவ்வுரைநடைப் பகுதி விளக்குகிறது.

விடியற்காலை மூன்று மணி. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குத் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பிக்கப் ஊர்தி ஒன்று ஆயத்தமாக நிற்கிறது. ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார். எந்திரம் சுழல்கிறது, ஆனால் கிளம்பவில்லை. ஐந்தாறு முறை முயன்றபின், வெண்புகையைக் கக்கியபடி உயிர்பெறுகிறது. பத்து நாள்களாக இதே நிலை. பகலில் ஒரே திருப்பில் கிளம்பும் ஊர்தி, விடியலில் மட்டும் முரண்டுபிடிக்கிறது. ‘எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டும்’ என்று ஒரு பட்டறையில் கூறிவிட்டனர். அதற்கு ஆகும் தொகையோ, ஊர்திக்கடனின் பல மாதத் தவணைக்கு ஈடானது. தக்காளி காத்திராது, கடன் கொடுத்தவரும் காத்திரார்.

இத்தகைய நிலையில் ஓட்டுநர் முதலில் செய்ய வேண்டியது செலவன்று, உற்றுநோக்கல். நோயாளியின் நாடியைப் பிடிக்குமுன் அறுவைக்கு நாள் குறிக்கும் மருத்துவரை எவரும் நம்புவதில்லை. எந்திரத்திற்கு மட்டும் அந்த மரியாதை பெரும்பாலும் மறுக்கப்படுகிறது.

மூன்று தேவைகள்

செருமானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1893ஆம் ஆண்டு தம் எந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1897இல் ஆக்சுபர்க் நகரில் அது வெற்றிகரமாக இயங்கிக் காட்டியது. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 26 விழுக்காட்டை அது பயனுள்ள வேலையாக மாற்றியது. அக்கால நீராவி எந்திரங்களால் எட்ட முடியாத அளவு அது.

பெட்ரோல் எந்திரத்தில் உள்ள ஸ்பார்க் பிளக் டீசல் எந்திரத்தில் இல்லை. உருளைக்குள் இழுக்கப்படும் காற்றைப் பிஸ்டன் 16 முதல் 22 மடங்கு வரை சுருக்குகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டறிந்தவர்க்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். சுருங்கிய காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறுகிறது. அந்தக் கணத்தில் நாசில் வழியே டீசல் நுண்துளிகளாகத் தூவப்பட, அது தானாகவே தீப்பற்றுகிறது.

ஆகவே, டீசல் எந்திரத்தின் தேவைகள் மூன்று: போதிய காற்று, அக்காற்றைச் சூடேற்றும் அளவுக்கு அழுத்தம், உரிய நேரத்தில் உரிய அளவில் தூவப்படும் டீசல். கோளாறு எதுவாயினும் இம்மூன்றில் எது குறைந்தது என்று கேட்பதே ஆய்வின் தொடக்கம்.

இம்மூன்றோடு மின்கலத்திற்கும் மறைமுகமான பங்கு உண்டு. எந்திரம் மெதுவாகச் சுழன்றால் சுருங்கும் காற்றின் வெப்பம் உருளைச் சுவரிலேயே கரைந்துவிடும், டீசல் பற்றாது. முழு மின்னேற்றம் பெற்ற மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். சாவியைத் திருப்பும்போது அது பத்து வோல்ட்டுக்கும் கீழே வெகுவாக இறங்கினால் மின்கலத்தையோ அதன் இணைப்புகளையோ ஐயுறலாம். முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் படிவும், சட்டத்தோடு சேரும் எர்த் கம்பியின் துருவும் பல ஊர்திகளைப் பட்டறைக்கு இழுத்துச் சென்றிருக்கின்றன. வெந்நீரும் உப்புத்தாளும் போதும் இடத்தில் புதிய ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்கியவர்களும் உண்டு.

புகையின் நிறம்

எந்திரம் தன் நோயைப் புகையின் வாயிலாகச் சொல்கிறது. கரும்புகை, டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்பதன் அடையாளம். முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர். செம்மண் பாதையில் ஓடும் ஊர்திகளில் அது விரைவில் அடைபடும். தாளால் ஆன வடிகட்டியை நீரில் கழுவுதல் கூடாது. காற்றால் ஊதினால் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, மென்மையாக ஊத வேண்டும். வெளியிலிருந்து ஊதினால் தூசு தாளின் இழைக்குள் இன்னும் ஆழமாகப் பதியும். வடிகட்டி தூய்மையாக இருந்தும் கரும்புகை வருமாயின், டர்போவிலிருந்து செல்லும் ரப்பர் குழாயில் வெடிப்பு உள்ளதா எனப் பார்க்கலாம். ஏற்றத்தில் ‘உஸ்’ என்னும் ஒலியும், குழாயின் மேல் படிந்த எண்ணெய்க் கறையும் அவ்வெடிப்பைக் காட்டிக்கொடுக்கும். இவ்விரண்டிற்கும் பின்னரே நாசிலை ஐயுற வேண்டும். அளவுக்கு மீறிய சுமையும் கரும்புகைக்குக் காரணம் என்பதை ஊர்தி உரிமையாளர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

நீலப்புகை, எஞ்சின் ஆயில் எரிவதைக் குறிக்கும். இதைக் கண்டவுடனே ‘ரிங் போய்விட்டது’ என்று தீர்ப்பளிப்பது பரவலான வழக்கம். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருந்தாலும், ஆவி வெளியேறும் குழாய் அடைபட்டிருந்தாலும், டர்போவின் அடைப்பான் தேய்ந்திருந்தாலும் இதே புகை வரும். சமதளத்தில் ஊர்தியை நிறுத்தி அளவுகோலைப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. பின்னர், எந்திரம் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கலாம். சிறிதளவு ஆவி வருவது இயல்பு. புகைபோக்கிபோல் குபுகுபுவென்று தள்ளினால் ரிங் தேய்வு குறித்த ஐயம் வலுப்பெறும். அப்போதும் உருளைகளின் அழுத்தத்தை அளவியால் அளந்து உறுதிசெய்யாமல் எந்திரத்தைப் பிரித்தல் தகாது.

வெண்புகை இருவகை. கண்ணை எரிக்கும் டீசல் நெடியோடு வருவது எரியாத டீசலின் ஆவி. குளிர்ந்த நேரத்தில் உருளையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் பழுதாகியிருக்கலாம்; மின்கலத்தோடு ஒரு சோதனை விளக்கைத் தொடராக இணைத்துப் பார்த்தால், கம்பிச்சுருள் அறுந்த பிளக்கில் விளக்கு எரியாது. இனிப்பு மணத்தோடு, எந்திரம் சூடான பின்னும் நிற்காமல் வருவது குளிர்விப்பானின் ஆவி. ரேடியேட்டரில் நீர் குறைந்துகொண்டே வருவதும், ஆயில் மூடியின் அடியில் பாலேடு போன்ற படிவு தோன்றுவதும் ஹெட் கேஸ்கெட் பழுதைச் சுட்டும். இங்கு மட்டும் ‘இந்த வாரம் ஓட்டிவிட்டுப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுதல் பெருந்தவறு. கேஸ்கெட்டோடு முடியும் செலவு, சூட்டில் ஹெட் வளைந்தால் பன்மடங்காகப் பெருகும்.

காற்று புகுந்த குழாய்

விடியலில் மட்டும் முரண்டுபிடித்த அந்த ஊர்திக்கு மீண்டும் வரலாம். அதன் நோய்க்குக் காரணம் என்று மூன்றைக் கருதலாம். ரிங் தேய்ந்து அழுத்தம் குறைந்திருக்கலாம். ஹீட்டர் பிளக் பழுதாகியிருக்கலாம். இரவு முழுவதும் நின்றதால் குழாயில் இருந்த டீசல் தொட்டிக்கே திரும்பி வடிந்திருக்கலாம். மூன்றுக்கும் அறிகுறி ஒன்றே. இவற்றைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு.

டீசல் ஃபில்டரின் தலைப்பகுதியில் பல ஊர்திகளில் ஒரு கைப்பம்பு இருக்கும். விடியலில் சாவியைத் தொடுமுன் அதை அழுத்திப் பார்க்க வேண்டும். டீசல் நிறைந்திருந்தால் பம்பு உடனே இறுகும். பலமுறை அழுத்திய பின்னரே அது இறுகி, அதன்பின் எந்திரம் ஒரே திருப்பில் கிளம்பினால், அழுத்தமும் ஹீட்டர் பிளக்கும் குற்றமற்றவை. எந்திரம் அதே குளிரில்தான் இருக்கிறது, அழுத்தமும் மாறவில்லை, மாறியது டீசல் மட்டுமே. ஒன்றை மட்டும் மாற்றி விளைவைப் பார்த்தல் என்னும் ஆய்வுக்கூட முறை இங்குத் தெருவோரத்தில் நிகழ்கிறது.

வடிந்த டீசலின் இடத்தைக் காற்றுதான் நிரப்பியிருக்க வேண்டும். ஆனால், குழாயில் கசிவு எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தொட்டியிலிருந்து பம்பு டீசலை உறிஞ்சும்போது குழாயினுள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. எனவே, மயிரிழை அளவு வெடிப்பிலும் காற்று உள்ளே நுழையுமேயன்றி டீசல் வெளியே சொட்டாது. இதனாலேயே அனுபவமுள்ளவர்களும் இதைத் தவறவிடுகின்றனர். பம்பிற்கு முன்னுள்ள குழாயில் ஒரு சாண் அளவுக்கு ஒளிபுகும் குழாயை இணைத்து எந்திரத்தை ஓடவிட்டால், உள்ளே ஓடும் காற்றுக்குமிழிகள் கண்ணுக்குப் புலப்படும். பின், அந்தத் துண்டைத் தொட்டியை நோக்கி இணைப்பு இணைப்பாக நகர்த்த வேண்டும். குமிழி மறையும் இடத்திற்கும் அதற்கு முந்தைய இடத்திற்கும் நடுவிலேயே வெடிப்பு இருக்கும்.

இத்தகைய ஊர்திகளில் பெரும்பாலும் சிக்குவது, சட்டத்தோடு உரசிய ரப்பர் குழாயோ, தளர்ந்த கிளிப்போ, பலமுறை பயன்படுத்தித் தேய்ந்த செப்பு வாசரோதான். சில நூறு ரூபாயில் முடியும் வேலை இது. மாற்றியபின் கைப்பம்பால் காற்றை வெளியேற்றி, ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தேங்கிய நீரையும் வடித்துவிட வேண்டும். சரியாயிற்றா என்பதை அன்று மாலையே சொல்ல முடியாது. ஓர் இரவு முழுவதும் ஊர்தி நிற்க வேண்டும். மறுநாள் விடியலில் கைப்பம்பைத் தொடாமல் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பழைய முறையும் புதிய எந்திரமும்

நான்கு உருளைகளில் ஒன்று வேலை செய்யாவிட்டால் எந்திரம் நடுங்கும். பழைய வகை எந்திரங்களில், ஒவ்வொரு நாசிலுக்கும் செல்லும் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தி ஒலியைக் கவனிப்பர். எந்த நட்டைத் தளர்த்தும்போது ஒலியில் மாற்றம் இல்லையோ, அந்த உருளையே முடங்கியது. காமன் ரெயில் முறையில் இயங்கும் எந்திரத்தில் இதை ஒருபோதும் செய்தல் கூடாது. அக்குழாயில் டீசல், காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் உள்ளது. நட்டு தளர்ந்தால் பீய்ச்சும் தாரை தோலைத் துளைத்துத் தசைக்குள் பாயும். வெளியே ஊசி குத்தியதுபோல் சிறிய புள்ளிதான் தெரியும். உள்ளே திசு அழுகி, விரலையே இழக்க நேரிடும். அவ்வாறு நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவ்வகை எந்திரங்களுக்கு வேறு முறை உண்டு. ஒவ்வோர் இன்ஜெக்டரிலிருந்தும் மிகுதி டீசல் திரும்பும் மெல்லிய குழாய்களை ஒரே அளவான நான்கு புட்டிகளில் விட்டு, எந்திரத்தைச் சில நிமிடங்கள் ஓடவிடலாம். மற்றவற்றைவிட மிக விரைவாக நிரம்பும் புட்டி, உள்ளே கசியும் இன்ஜெக்டரைக் காட்டும். நான்கையும் மாற்றச் சொல்லும் மதிப்பீட்டுத்தாளுக்கு இந்த நான்கு புட்டிகள் தக்க மறுமொழி.

ஸ்கேனர் கருவி காட்டும் குறியீட்டையும் இவ்வாறே அணுக வேண்டும். ‘ரெயில் அழுத்தம் குறைவு’ என்று அது காட்டினால், பம்பு பழுது என்பது அதன் பொருளன்று. அடைபட்ட ஃபில்டர், கசியும் இன்ஜெக்டர், பழுதான உணரி ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம். குறியீடு ஒரு முறையீடு, தீர்ப்பு அன்று. விலை குறைந்த ஃபில்டரிலிருந்து ஆய்வைத் தொடங்குவதே முறை.

செலவும் சிக்கனமும்

பம்பு, நாசில் வேலைக்கெனத் தனிப்பட்டறைகள் பெரும்பாலான நகரங்களில் உள்ளன. அங்கே நாசிலைச் சோதனைக் கருவியில் பொருத்தி, டீசல் பனிபோல் தூவுகிறதா, தாரையாக ஒழுகுகிறதா என்று கண்ணெதிரே காட்டுவர். பழைய வகை இன்ஜெக்டர்களில் முனையை மட்டும் மாற்றினால் போதும். முழுவதையும் வாங்க வேண்டியதில்லை. எந்திரம் சூடேறினால், தெர்மோஸ்டாட்டையும் தண்ணீர் பம்பையும் மாற்றுமுன் ரேடியேட்டரின் இடுக்குகளில் அடைந்த தூசையும் வைக்கோலையும் நீர் பாய்ச்சி அகற்றி, பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்க்கலாம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் ஆகாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனினும் வெந்த கைகள் ஆண்டுதோறும் உண்டு.

சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உதிரிப்பாகங்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ரேடியேட்டர் ஆகியவற்றை அங்கேயே சோதித்து வாங்கலாம். ஒருமுறை அழுந்திய ஹெட் கேஸ்கெட்டும், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாத டைமிங் பெல்ட்டும், பிறர் கழற்றிப்போட்ட பிரேக் பாகங்களும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடைக்குப் போட வேண்டியவையே.