இலவச மூட்டு ஆபரேஷன்: கைநாட்டு வைக்கும் முன்

கடையநல்லூர் வட்டாரத்தில் பீடித் தட்டை மடியில் வைத்து, காலை மடக்கி உட்கார்ந்தே வயதாகிப்போன பெண்கள் ஏராளம். மூட்டு தேய்ந்து நடக்க முடியாமல் போனால் அவர்கள் நம்புவது இலவச முகாமைத்தான். நம்புவதில் தவறில்லை. அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் டார் தொடங்கிய 'ஆபரேஷன் வாக்' போன்ற தன்னார்வக் குழுக்கள் பல நாடுகளில் ஏழைகளை எழுந்து நடக்க வைத்திருக்கின்றன. ஆனால் வந்த மருத்துவர் சில நாளில் ஊர் திரும்பிவிடுவார்; பொருத்திய மூட்டு பல வருடம் உங்கள் காலில் இருக்கும். அதற்கான ஒரு காகிதமும் இல்லாமல், எக்ஸ்ரேயை மட்டும் சுருட்டி எடுத்து வருகிறவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது.

சேரும் முன்பே கேளுங்கள்: எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர், பிறகு புண்ணில் சீழ் வைத்தால் பார்ப்பது யார்? பதிலை எழுதி வாங்குங்கள். சர்க்கரை, பல் சொத்தை, நீர்க்கடுப்பு எதையும் மறைக்காதீர்கள். கிருமி ரத்தம் வழியாகப் போய்ப் புது மூட்டில் தங்கினால், அதைக் கழற்றவே நேரலாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வேண்டவே வேண்டாம்.

வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பொருத்திய மூட்டின் கம்பெனி பெயர், அளவு, லாட் எண் எல்லாம் அந்த ஸ்டிக்கரில்தான் உண்டு. பின்னாளில் மறு ஆபரேஷன் செய்கிற மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி.

முகாம் வரட்டும் என்று வலியோடு காத்திருக்கவும் வேண்டாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று இவற்றோடு தென்காசி கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சான்றுக்கு 'நாளைக்கு வாம்மா' என்று அலைக்கழிப்பது அலட்சியம். மனுவுக்கு ரசீது கேளுங்கள். மூட்டு மாற்று எந்த மருத்துவமனையில் செய்யப்படும் என்பதை 1800 425 3993இல் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பிந்தைய பயிற்சிக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

இலவசம் என்பதால் வழக்குப் போட முடியாது என்பது தவறு. மற்ற நோயாளிகளிடம் பணம் வாங்கும் மருத்துவமனையென்றால் இலவச நோயாளியும் நுகர்வோரே என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். மருத்துவமனை மீதான புகாரை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதலாம். பெண்களுக்கு, வருமானம் எதுவானாலும், சட்ட உதவி இலவசம்; அழைக்க வேண்டிய எண் 15100.

காய்ச்சலோ சீழோ வந்தால் மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு நாளைக் கடத்தாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மறுபடியும் சொல்கிறேன்: அந்த ஸ்டிக்கர் கைக்கு வராமல் வார்டை விட்டு வராதீர்கள்.