காலரா கிருமி போடும் தூண்டில்!

மீனவர் தூண்டில் போடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கண்ணுக்கே தெரியாத கிருமியும் தூண்டில் போடுகிறது என்றால் நம்புவீர்களா? போடுகிறது. அதில் சிக்குவது மீன் அல்ல. செத்துப்போன கிருமிகளின் பரம்பரைச் சொத்து!

இது வெறும் வேடிக்கைச் செய்தி அல்ல. சென்னை மக்களை ஒரு காலத்தில் கலங்க வைத்த ஒரு நோயின் பின்னணியும் இதில் அடங்கி இருக்கிறது.

139-வது வகை

1992-ம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் காலரா தலைகாட்டியது. காலரா நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் இந்தக் கிருமி புதிது.

காலரா கிருமியின் உடலைச் சுற்றி ஒருவகைச் சர்க்கரைப் போர்வை உண்டு. அந்தப் போர்வையை வைத்துத்தான் கிருமிகளை வகை பிரிப்பார்கள். அதுவரை 138 வகைகள் பட்டியலில் இருந்தன. கொள்ளைநோயாகப் பரவி வந்தது 'ஓ-1' என்ற ஒரே வகைதான். சென்னையில் கிடைத்த கிருமியோ அந்த 138-ல் எதிலும் சேரவில்லை. எனவே அதற்கு 'ஓ-139' என்று எண் கொடுத்தார்கள்.

காலரா அடிக்கடி வரும் ஊர்களில் பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். இந்த முறை பெரியவர்களும் சரிந்தார்கள். பழைய போர்வையை அறிந்து வைத்திருந்த உடம்புக்குப் புதிய போர்வையை அடையாளம் தெரியவில்லை! சில மாதங்களுக்குள் கல்கத்தாவிலும் வங்காள தேசத்திலும் இந்த நோய் பெருவாரியாகப் பரவியது.

ஆராய்ந்து பார்த்தபோது, உள்ளே இருந்தது பழைய ஓ-1 கிருமிதான் என்று தெரிந்தது. முக்கியமாகப் போர்வையை நெய்யும் மரபணுக்கள் மாறி இருந்தன. வேறொரு கிருமியின் சொத்து இதற்கு எப்படி வந்தது?

எலி சொன்ன சாட்சி

செத்த கிருமியின் சொத்து உயிருள்ள கிருமிக்குப் போகும் என்பதை முதலில் காட்டியவர், லண்டனைச் சேர்ந்த பிரெடரிக் கிரிபித். 1928-ம் ஆண்டு, நிமோனியா கிருமிகளை வைத்து அவர் சோதனை செய்தார். சூடுபடுத்திக் கொன்ற கொடிய கிருமியையும், உயிருள்ள சாதுவான கிருமியையும் சேர்த்து எலிக்கு ஊசி போட்டார். தனித்தனியே போட்டால் எலிக்கு ஒன்றும் ஆகாது. சேர்த்துப் போட்டதும் எலி செத்தது! அதன் ரத்தத்தில் கொடிய கிருமி உயிரோடு இருந்தது. சாது, செத்தவனின் குணத்தை வாங்கிக்கொண்டது.

அந்தக் குணத்தைச் சுமந்து செல்வது 'டி.என்.ஏ.' என்ற நூல் போன்ற பொருள்தான் என்று 1944-ல் நியூயார்க்கில் ஏவரியும் அவருடைய இரு சகாக்களும் நிரூபித்தார்கள். ஆனால் வெளியே மிதக்கும் நூலை, மூடிய உடம்பு கொண்ட கிருமி எப்படி உள்ளே இழுக்கிறது என்ற கேள்வி நீண்ட காலம் தொக்கி நின்றது.

கரண்டிகளால் ஆன கயிறு

விடை, கிருமியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் 'பைலஸ்' என்ற உரோமத்தில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் பங்கு போட்டால், அதில் 6 அல்லது 7 பங்குதான் இதன் பருமன். நம் தலைமுடியைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெல்லியது.

'பைலின்' என்னும் சிறு புரதங்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டுத்தான் இந்த உரோமம் உருவாகிறது. வெட்டை நோய்க் கிருமியின் பைலின் எப்படி இருக்கும் என்பதை 1995-ல் எக்ஸ்ரே கதிர்களின் உதவியால் கண்டறிந்தார்கள். அது பார்வைக்கு ஒரு கரண்டி போல இருந்தது! நீண்ட காம்பு, முனையில் உருண்டையான தலை. தண்ணீரை வெறுக்கும் காம்புகள் எல்லாம் உள்ளே நெருங்கிப் பின்னிக்கொள்கின்றன. தலைகள் வெளியே வரிசையாக அமைகின்றன. மக்காச்சோளக் கதிரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிருமியின் உள்ளே இரண்டு புரத மோட்டார்கள் உண்டு. ஒன்று கரண்டிகளை அடுக்கிக் கயிற்றை நீட்டும். மற்றொன்று கரண்டிகளைக் கழற்றிக் கயிற்றைச் சுருக்கும்.

இந்த உரோமம் டி.என்.ஏ.வைப் பிடிப்பது எப்படி? டி.என்.ஏ. எதிர் மின்னேற்றம் கொண்டது. மெனிஞ்சைடிஸ் நோயை உண்டாக்கும் கிருமியில் 'காம்-பி' என்றொரு தனிப் பைலின் இருக்கிறது. அதன் தலையில் நேர் மின்னேற்றம் கொண்ட பட்டை ஒன்று இருப்பது 2013-ல் தெரியவந்தது. காந்தம் போல அது டி.என்.ஏ.வை ஒட்டிக்கொள்கிறது. அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம்! 10 எழுத்துக்கள் கொண்ட ஒரு முத்திரை இருக்கும் டி.என்.ஏ.வைத்தான் அது விரும்பிப் பிடிக்கும். அந்த முத்திரை இந்தக் கிருமியின் சொந்த டி.என்.ஏ.வில் சுமார் 2,000 இடங்களில் இருக்கிறது. சொந்தக்காரன் சொத்துக்கே முதல் மரியாதை! காலரா கிருமிக்கு இந்தப் பாகுபாடு கிடையாது.

கண்ணால் கண்ட காட்சி

2018-ம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக விஞ்ஞானிகள், காலரா கிருமியின் பைலஸுக்கும் டி.என்.ஏ.வுக்கும் ஒளிரும் சாயம் ஏற்றிப் படம் பிடித்தார்கள். பைலஸ் நீண்டது. அதன் நுனியில் டி.என்.ஏ. ஒட்டியது. பைலஸ் சுருங்கியது. ஊசிக் காதில் நூல் நுழைவது போல, கிருமியின் மேல் தோலில் உள்ள சிறு துளை வழியாக டி.என்.ஏ. உள்ளே போயிற்று!

இந்தத் தூண்டிலைக் கிருமி எப்போதும் வீசிக்கொண்டிருப்பதில்லை. இறால், நண்டு போன்றவற்றின் ஓட்டில் உள்ள 'கைட்டின்' என்ற பொருளின் மேல் குடியேறும்போதுதான் வீசத் தொடங்கும். இது 2005-ல் தெரிந்தது. அதே வேளையில் பக்கத்துக் கிருமிகளை ஈட்டி போன்ற கருவியால் குத்திக் கொன்று, அவற்றின் டி.என்.ஏ.வைச் சுருட்டிக்கொள்வதும் 2015-ல் வெளிப்பட்டது. கொலையும் கொள்ளையும் ஒரே இடத்தில்!

கைட்டின் மேல் வளர்ந்த ஓ-1 கிருமி, ஓ-139-ன் டி.என்.ஏ.வை வாங்கி ஓ-139 ஆகவே மாறுவதை 2007-ல் சோதனைச்சாலையில் செய்து காட்டினார்கள். 1992-ல் நடந்ததும் இதுவேதான் என்று இதனால் முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் இப்படி நடக்க வழி உண்டு என்பது ஐயமின்றி விளங்கிவிட்டது.

நமக்கு என்ன பயன்?

ஓ-139 பின்னர் அடங்கிவிட்டது. ஓ-1 மறுபடி முன்னுக்கு வந்தது. ஆனால் தூண்டில் அப்படியே இருக்கிறது. போர்வையை மட்டுமல்ல, மருந்துக்குக் கட்டுப்படாத குணத்தையும் கிருமிகள் இந்த வழியில் வாங்கிக்கொள்ள முடியும். ஒரு கிருமி கற்ற பாடம் ஊரிலுள்ள கிருமிகளுக்கெல்லாம் பரவும் ஆபத்து இது. கரண்டியின் அமைப்பும், நுனியின் மின்னேற்றமும், மோட்டாரின் வேலையும் தெரிந்தால்தான் கயிற்றை எந்த இடத்தில் அறுக்கலாம் என்று யோசிக்க முடியும்.

அதுவரை நம் கையில் இருப்பவை எளியவை: கொதிக்க வைத்த தண்ணீர், சோப்புப் போட்டுக் கழுவிய கை, வயிற்றுப்போக்கு கண்டதும் தாமதம் இல்லாமல் உப்பு-சர்க்கரைக் கரைசல், உடனே ஆஸ்பத்திரி. டாக்டர் எழுதித் தராமல் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல் இருப்பதும் இந்தப் பட்டியலில் சேரும். தேவை இல்லாமல் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும், மருந்தை வெல்லத் தெரிந்த கிருமிக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. அந்தக் கிருமியின் சொத்துக்காகத் தூண்டிலோடு காத்திருக்கும் கிருமிகள் ஏராளம்.