வீட்டுக்குள் நிகழும் வன்கொடுமை: மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் தரும் வழிகள்

ஊன்றுகோலை எட்டாத இடத்தில் வைப்பதும் சோறும் தண்ணீரும் தர மறுப்பதும் பெரும்பாலும் 'குடும்பத் தகராறு' என்றே ஒதுக்கப்படுகின்றன. சட்டம் இவற்றைக் குற்றம் என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 92ஆம் பிரிவின்படி, பராமரிப்புப் பொறுப்பில் உள்ளவர் தெரிந்தே உணவையும் நீரையும் மறுத்தாலோ, எவரேனும் துணைக்கருவியின் பயன்பாட்டைக் கெடுத்தாலோ 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

தலித் குடும்பங்களில் இச்சட்டத்தின் தேவை கூடுதலானது. குற்றமிழைப்பவர் பட்டியல் சாதியினராக இருந்தால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது. சொந்த உறவினர் அடிக்கும்போது அது துணைக்கு வராது.

அடிப்பவரையே சோற்றுக்கும் நடமாட்டத்துக்கும் நம்பியிருப்பவரால் புகார் கொடுக்க வெளியே வர இயலாது. இதனால்தான் 7ஆம் பிரிவு, வன்முறை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் நிர்வாகத்துறை நடுவருக்குத் தகவல் தரலாம் என்கிறது. தமிழ்நாட்டில் வட்டாட்சியரும் கோட்டாட்சியரும் இப்பொறுப்பில் உள்ளனர். மீட்பு, பாதுகாப்பான தங்குமிடம், பராமரிப்புத் தொகை ஆகியவற்றுக்கு நடுவர் ஆணையிடலாம். தகவலறிந்த காவல் அலுவலர், இலவசச் சட்ட உதவி உள்ளிட்ட உரிமைகளைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லியாக வேண்டும்.

பெண்கள், குடும்ப வன்முறைச் சட்டம், 2005இன் கீழ்ப் பாதுகாப்பு அலுவலரையும் அணுகலாம். மனைவி மட்டுமல்லர், மகளும் சகோதரியும்கூட அச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவர்கள்.

ஊர்த்தெருவில் நடப்பதை வன்கொடுமை என்று பெயர்சொல்லிப் போராடும் நாம், நம் சேரி வீட்டுக்குள் நடப்பதையும் அதே பெயரால் அழைக்க வேண்டும். முதல் மனுவை அண்டை வீட்டாரே எழுதலாம்.