சாய்கானா

சாய்கானா என்பது நடு ஆசிய நாடுகளில், சிறப்பாக உஸ்பெகிஸ்தானிலும் தாஜிகிஸ்தானிலும் காணப்படும் தேநீர் விடுதி ஆகும். சாய் என்றால் தேநீர். கானா என்றால் வீடு அல்லது இடம். உஸ்பெக் மக்கள் இதனைச் சோய்ஹோனா என்பர். பெயரில் தேநீர் இருந்தாலும் தேநீருக்காக மட்டும் எவரும் இங்கு வருவதில்லை. நிழலில் உட்கார வருகின்றனர், பேச வருகின்றனர். பல நாட்களில் அங்கேயே கூடிச் சமைத்து உண்டுவிட்டுத்தான் வீடு திரும்புகின்றனர்.

வெயிலும் நீரும்

இந்த விடுதியின் அமைப்பை அப்பகுதியின் தட்பவெப்பம்தான் தீர்மானித்தது. உஸ்பெகிஸ்தானுக்குக் கடற்கரை இல்லை. அதைச் சுற்றியுள்ள ஐந்து நாடுகளுக்கும் பெருங்கடல் தொடர்பு இல்லை. உலகில் இப்படிப்பட்ட நாடுகள் இரண்டே. மற்றொன்று ஐரோப்பாவிலுள்ள லீக்கின்ஸ்டைன். கடற்காற்று எட்டாத நிலம் கோடையில் விரைவாகக் கொதிக்கும், குளிர்காலத்தில் அதே விரைவில் உறையும். கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். சூன் 25 முதல் ஆகத்து 5 வரையுள்ள கடும் வெயில் காலத்தை மக்கள் ‘சில்லா’ என்பர். பாரசீகத்தில் நாற்பது என்னும் எண்ணிலிருந்து வந்த சொல் இது. குளிருக்கும் ஒரு சில்லா உண்டு. அது திசம்பர் 25இல் தொடங்கும். ஊரில் இருவர் சந்தித்தால் உடல்நலம், குடும்பநலம் கேட்டு முடித்தவுடன் பேச்சு சில்லாவுக்குப் போய்விடும்.

எனவே சாய்கானா நீருக்குப் பக்கத்தில் அமைந்தது. தெருவோர வாய்க்காலின் கரையிலோ குளக்கரையிலோ, முசுக்கட்டை அல்லது சினார் மர நிழலில், பெரிய கட்டில் போன்ற மேடைகளைப் போடுவர். அதன்மேல் மெத்தை விரித்து, நடுவே தாழ்வான மேசை வைத்து, சுற்றிலும் சம்மணமிட்டு அமர்வர். புகாரா நகரில் 1620இல் கட்டி முடிக்கப்பட்ட லியாபி ஹவுசு என்னும் குளத்தின் கரையில் இக்காட்சியை இன்றும் காணலாம்.

அழகிய அந்தக் குளங்களுக்கு இன்னொரு முகமும் இருந்தது. முன்பு புகாராவின் குடிநீரே இத்தகைய குளங்களில் இருந்துதான் வந்தது. தோல் பையில் நீர் சுமப்பவர்கள் படியிறங்கி, நீரில் கால் வைத்தே மொண்டனர். நீரிலுள்ள நுண்ணிய பூச்சிகளின் வழியே பரவும் நரம்புச் சிலந்தி நோய் அந்நகரில் நிலையாகக் குடிகொண்டிருந்தது. தமிழ்நாட்டிலும் படிக்கிணற்று நீர் குடித்த ஊர்களில் இதே நோய் இருந்தது என்பதை மூத்தவர்கள் அறிவர். 1920களில் தொடங்கிய மருத்துவப் பணியின்போது புகாராவின் குளங்கள் பல வற்றடிக்கப்பட்டன. குழாய் நீர் வந்தது. 1930களின் தொடக்கத்தில் நோய் ஒழிந்தது. நோய்க்கான காரணம் தெரியாத காலத்திலும் தேநீர் குடித்தவருக்கு ஒரு காப்பு இருந்தது: கொதித்த நீரில் அப்பூச்சி பிழைப்பதில்லை.

தேநீர் வார்க்கும் முறை

வெயில் நாளில் இவர்கள் விரும்புவது பச்சைத் தேநீர். பாலும் சர்க்கரையும் சேர்ப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் காங்ரா பள்ளத்தாக்கில் விளைந்த பச்சைத் தேயிலையும் ஆப்கானிசுதான் வழியே இங்கு வந்தது. கெண்டியில் இருந்து முதல் கிண்ணத்தை வார்த்து, அதைத் திரும்பக் கெண்டிக்குள்ளேயே ஊற்றுவர். இப்படி மூன்று முறை செய்தபின்தான் பரிமாறுவர். கைப்பிடியில்லாத ‘பியாலா’ என்னும் கிண்ணத்தில் பாதி அளவோ அதற்கும் குறைவாகவோ ஊற்றுவதே மரியாதை. விருந்தினர் மீண்டும் மீண்டும் கேட்க வேண்டும், வீட்டுக்காரர் மீண்டும் மீண்டும் ஊற்ற வேண்டும் என்பது அதன் உட்பொருள். விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று பொருள்படும். புதிதாகச் செல்லும் பயணிகள் இதைக் கஞ்சத்தனம் என்று எண்ணிவிடுவது உண்டு.

‘கப்’ என்னும் கூட்டம்

உஸ்பெக் மொழியில் ‘கப்’ என்றால் பேச்சு. ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் சிலர் சேர்ந்து முறைவைத்துக் கூடுவதற்கும் அதுவே பெயர். பல குழுக்களில் ஒவ்வொருவரும் குறிப்பிட்ட தொகை போட்டு, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவருக்கு முழுத்தொகையையும் கொடுப்பர். பேச்சுக்கென்று கூடிய கூட்டம் வங்கியின் வேலையையும் செய்துவிடுகிறது. சாய்கானா நெடுங்காலம் ஆண்களுக்கே உரிய இடமாக இருந்தது. பெண்களின் ‘கப்’ வீடுகளில் நடந்தது. இவ்விடுதியைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர்.

கொப்பரையில் பிலாவ்

கூடும் ஆண்கள் தாங்களே சமைப்பது ‘ஓஷ்’ எனப்படும் பிலாவ். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ இறைச்சி, ஒரு கிலோ கேரட் என்பது எளிய கணக்கு. ‘கசான்’ என்னும் வார்ப்பிரும்புக் கொப்பரையில் எண்ணெயையோ செம்மறியின் வால்கொழுப்பையோ நன்றாகக் காய்ச்சி, முதலில் வெங்காயம், பிறகு ஆட்டிறைச்சி, பிறகு குச்சிகளாக நறுக்கிய மஞ்சள் கேரட் என்று சேர்ப்பர். கேரட்டைத் துருவினால் குழைந்துவிடும். கத்தியால்தான் நறுக்க வேண்டும் என்பதில் சமையற்காரர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. நீர் ஊற்றி, சீரகமும் முழுப்பூண்டும் இட்டு, சிறு தீயில் ஒரு மணிநேரம் போல வேகவிடுவர். ‘சிர்வாக்’ என்னும் இந்தக் குழம்பே பிலாவின் உயிர்.

அதன்மேல் ஊறிய அரிசியைப் பரப்புவர், கிளறமாட்டார்கள். நீர் சுண்டியதும் அரிசியை மட்டும் குவித்து மூடிப் புழுங்கவிடுவர். பெர்கானா பள்ளத்தாக்கில் விளையும் செந்நிறம் படிந்த ‘தேவ்சிரா’ அரிசி நிறைய நீரைக் குடிப்பதால் பெயர் பெற்றது. சமர்கந்தில் சோறு, கேரட், இறைச்சி ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரிமாறுவர்; பெர்கானாவில் கலந்துவிடுவர். எது சிறந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 2016இல் யுனெசுக்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் உஸ்பெகிஸ்தானின் பிலாவையும் தாஜிகிஸ்தானின் பிலாவையும் தனித்தனியே சேர்த்தது.

இன்று பலர் பயன்படுத்தும் பருத்திக்கொட்டை எண்ணெய் பருத்தி வேளாண்மை பெருகியதோடு பரவியது. அந்தப் பருத்திக்காக ஆறுகள் திருப்பப்பட்டதால்தான் 1960களில் தொடங்கி ஏரல் கடல் வற்றியது.

முலாம்பழமும் ஊர் நினைவும்

உண்டு முடித்தபின் வருவது முலாம்பழம். 14ஆம் நூற்றாண்டில் இவ்வழியே சென்ற இப்னு பதூதா, குவாரசமின் முலாம்பழத்துக்கு உலகில் ஈடில்லை என்றும், அதைக் கீற்றுகளாக வெட்டி வெயிலில் உலர்த்தி இந்தியா, சீனா வரை அனுப்புகின்றனர் என்றும் எழுதினார். பெர்கானாவின் அந்திசானில் 1483இல் பிறந்த பாபர், இந்தியாவில் நல்ல முலாம்பழமும் குளிர்ந்த நீரும் இல்லை என்று தன் நினைவு நூலில் குறைப்பட்டுக்கொண்டார். காபூலில் இருந்து வந்த ஒரு பழத்தை அறுத்தபோது ஊர் நினைவு வந்து கண்ணீர் விட்டதையும் மறைக்கவில்லை. பின்னர் ஆக்ராவில் முலாம்பழம் விளைந்தபோது பெரிதும் மகிழ்ந்தார். பிறந்த ஊருக்கு அவர் திரும்பவேயில்லை. 1530இல் ஆக்ராவில் இறந்தார்.

சோவியத் காலமும் பின்னும்

மக்கள் கூடும் இடத்தை அரசு சும்மா விடாது. 1920களில் சோவியத் ஆட்சி ‘சிவப்புச் சாய்கானா’க்களைத் திறந்தது. செய்தித்தாள் உரக்கப் படிக்கப்பட்டது, எழுத்தறிவும் கற்பிக்கப்பட்டது, கட்சிப் பரப்புரையும் நடந்தது. பிற்காலத்தில் தாஜிகிஸ்தானின் துசான்பே நகரம், அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள போல்டர் நகரத்துக்கு ஒரு சாய்கானாவையே பரிசளித்தது. தாஜிக் கைவினைஞர்கள் செதுக்கித் தீட்டிய அக்கட்டடம் பகுதி பகுதியாகக் கப்பலேறி, 1998இல் அங்கு திறக்கப்பட்டது. தாசுகந்தில் இன்று பல சாய்கானாக்கள் தனி அறை, அடுப்பு, கசான் ஆகியவற்றை வாடகைக்குத் தருகின்றன. அரிசியும் இறைச்சியும் நண்பர்கள் வாங்கி வருவது.