வண்டலூரில் பிறந்த வண்டிகள்

காக்ஸ் டவுனில் முதியோர் நால்வர் கூடினால் பழைய கார்ப் பேச்சு எழாமல் இராது. அதில் ‘ஸ்டாண்டர்டு’ என்னும் பெயர் வந்துவிட்டால் நமக்குத் தனிப் பெருமை. சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான வண்டியல்லவா அது!

1948-இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்னும் நிறுவனம், இங்கிலாந்தின் வான்கார்டு வண்டியோடு தொழிலைத் தொடங்கியது. 1961-இல் ஹெரால்டு வந்தது. கதவுகள் இரண்டே, முன் இருக்கையை மடக்கித்தான் பின்னால் நுழைதல் வேண்டும். பாட்டிமார் பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ? 1968-இல் நான்கு கதவு ஹெரால்டு வெளிவந்தது. இங்கிலாந்திலேயே செய்யப்படாத வகை இது. முற்றிலும் நம்மவர் ஆக்கம். 1972-இல் கெஸல் தொடர்ந்தது.

அப்பால், செல்வர்க்கென 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ வந்தது. தோற்றம், 1977-ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் என்ற பரிசினைப் பெற்ற ரோவர் எஸ்டி1. ஆங்கே அதற்கு 3,500 சி.சி. எட்டுச் சிலிண்டர் எந்திரமும் உண்டு. நமக்குக் கிடைத்ததோ வான்கார்டின் வழிவந்த 1,991 சி.சி. எந்திரம்! விலையோ மிகுதி, விரைவோ குறைவு. வடிவுக்குச் செலவிட்டவர்கள் எந்திரத்துக்கும் செலவிட்டிருக்கலாம் என்பதே நம் எண்ணம். 1988-இல் உற்பத்தி நின்றது. ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்த கைகளும் ஓய்ந்தன.