வாங்கியவர் உரிமையும் வாயிற் சோதனையும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியபின் அதன்மீது நமக்கு எவ்வளவு உரிமை உண்டு என்னும் வினா நம் முன்னோர்க்குப் பெரிதும் எழுந்ததில்லை. நூலொன்றை வாங்கியவர் அதன் முதற்பக்கத்தில் தம் பெயரைப் பொறித்தார், ஓரங்களில் குறிப்பெழுதினார், தம்பிக்கும் தங்கைக்கும் தந்தார், நண்பருக்கு இரவல் கொடுத்துத் திரும்பப் பெறாமல் வருந்தினார், வேண்டாதபோது விற்றார். புதுவை மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் பழைய நூல்கள் விலைபோவது இவ்வுரிமையினால்தான். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் இதனை ஏற்கிறது. நூலின் ஒரு படி முறையாக விற்பனைக்கு வந்துவிட்டால், அந்தப் படி மேலும் கைமாறுவதைத் தடுக்கும் அதிகாரம் பதிப்பாளர்க்கு இல்லை.

பயணமும் ஏறக்குறைய அத்தகையதாகவே இருந்தது. சீட்டு வாங்கியவர் ஏறினார், இறங்கினார். அவர் யார், எதற்காகச் செல்கிறார் என்பது அவர்தம் சொந்தச் செய்தி. இவ்விரு உரிமைகளும் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வெகுவாகச் சுருங்கியுள்ளன. முன்னது மின்பூட்டினாலும் பின்னது பாதுகாப்புச் சோதனையினாலும் சுருங்கின. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு துறைகள் இவை எனத் தோன்றலாம். எனினும் இரண்டிலும் ஒரே போக்கைக் காண்கிறோம். நாட்டின் சட்டம் வாங்கியவர்க்கு விட்டுவைத்திருப்பதை நிறுவனத்தின் விதி எடுத்துக்கொள்கிறது.

2009ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சில நாள் இடைவெளியில், இவ்விரண்டுக்கும் சான்றுகள் வெளிவந்தன. அமேசான் நிறுவனம் தன் கிண்டில் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நாவல்களின் சில மின்பதிப்புகளை, வாங்கியவர்களைக் கேளாமலே, தொலைவிலிருந்தபடி அழித்தது. அவற்றை விற்பனைக்கு அளித்தவர்க்கு அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால் பள்ளி மாணவர் ஒருவர் பாடத்திற்காக எழுதிவைத்திருந்த குறிப்புகள், சுட்டிய பக்கங்களே மறைந்துபோனமையால் பயனற்றுப் போயின. அவர் வழக்குத் தொடுத்தார். விற்ற நூலைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்தப் புத்தகக் கடைக்காரரும் இரவில் நம் வீட்டுக் கதவைத் திறந்து வருவதில்லை. மின்னூலில் அது நிகழக் காரணம், நாம் வாங்கியது நூலன்று, படிப்பதற்கான இசைவு மட்டுமே என்பதாகும். ‘வாங்குக’ என்று பொத்தானில் எழுதிவிட்டு, ‘இது விற்பனையன்று’ என்று விதிகளின் அடியில் எழுதுகின்றனர். கலிபோர்னியா மாநிலம் மட்டும், இசைவை விற்போர் அதனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இயற்றி, 2025ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது.

அதே ஜூலையில் நம் நாடாளுமன்றத்தில் எழுந்த செய்தி, டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அவர்களைப் பற்றியது. அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் நாள் தில்லி விமான நிலையத்தில், அமெரிக்காவின் கான்டினென்டல் நிறுவன விமானத்தில் ஏறவிருந்த முன்னாள் குடியரசுத் தலைவரை, அந்நிறுவனத்தின் பாதுகாப்புப் பணியாளர்கள் காலணியைக் கழற்றச் செய்து உடற்சோதனை செய்தனர். இந்திய விதிகளின்படி முன்னாள் குடியரசுத் தலைவர்க்கு அச்சோதனை இல்லை. நிறுவனம் அமெரிக்க விதியைக் காட்டியது. எதிர்ப்பு எழுந்தபின் மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கிலும் இதுபோல் நேர்ந்தது. விமானத்தினுள் அமர்ந்துவிட்ட அவரிடம் மேற்சட்டையையும் காலணியையும் பெற்றுச் சென்று சோதித்தனர். அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. கலாம் அவர்கள் இரு முறையும் முகம் சுளித்ததாகச் செய்தியில்லை.

அவருக்குச் சலுகை மறுக்கப்பட்டதே என்று பலரும் வருந்தினர். நம் வருத்தம் வேறு. அவருக்காகப் பேச நாடாளுமன்றம் இருந்தது. இராமேசுவரத்திலிருந்தோ காரைக்காலிலிருந்தோ வளைகுடா நாட்டுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்க்கு, எந்தச் சோதனை அரசினுடையது, எது நிறுவனத்தினுடையது, எதனை மறுத்துக் கேட்கலாம் என்று சொல்வார் எவருமிலர்.

மின்பூட்டின் இயல்பைப் புதுவைக் குடும்பங்கள் தம் வீட்டிலேயே கண்டிருக்கின்றன. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற உறவினர் பாரீசிலிருந்து கொண்டுவரும் திரைப்படக் குறுந்தட்டு இங்குள்ள கருவியில் ஓடாது. தட்டில் பழுதில்லை, கருவியிலும் பழுதில்லை. டி.வி.டி. உருவாக்கியோர் உலகை மண்டலங்களாகப் பிரித்து, பிரான்சை இரண்டாம் மண்டலத்திலும் இந்தியாவை ஐந்தாம் மண்டலத்திலும் வைத்தனர். சிங்கப்பூரிலிருந்து வருவது மூன்றாம் மண்டலத்தது. முறையாக விலை கொடுத்து வாங்கியவர்க்கே இந்தத் தடை. தெருவோரத்தில் திருட்டுத் தட்டு வாங்கியவர்க்கு எந்த மண்டலமும் குறுக்கே நிற்கவில்லை. நேர்மையாளரைத் தண்டித்துக் கள்வரைக் கண்டுகொள்ளாத பூட்டு இது என்றால் மிகையன்று.

நம் சட்டம் இப்பூட்டுகளை எவ்வாறு நோக்குகிறது? 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி 65அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்போர்க்கு ஈராண்டு வரை சிறையும் தண்டமும் உண்டு. நோக்கம் என்னும் அச்சொல்லைக் கவனித்தல் வேண்டும். சட்டம் தடை செய்யாத ஒன்றுக்காகப் பூட்டைத் திறப்பது குற்றமாகாது என்றும் அப்பிரிவே கூறுகிறது. 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இவ்வளவு தாராளமானதன்று. 2001 ஜூலையில் திமித்ரி ஸ்க்லியாரோவ் என்னும் உருசிய நிரலாளர், அடோபி மின்னூலின் பூட்டைத் திறக்கும் மென்பொருளை எழுதியதற்காக, லாஸ் வேகாஸ் நகரில் உரையாற்றி ஊர் திரும்பும் வேளையில் கைது செய்யப்பட்டார். அவர் பணிபுரிந்த நிறுவனத்தை 2002 டிசம்பரில் நடுவர் குழு குற்றமற்றது என்று விடுவித்தது.

ஆயினும் நம் சட்டத்தின் தாராளம் ஏட்டளவில் நின்றுவிடுகிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் இராமேசுவரி ஒளிநகல் நிலைய வழக்கை மாணவர் அனைவரும் அறிந்திருத்தல் நலம். பாடத்திட்டத்திற்குரிய நூற்பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்துக் கொடுத்த சிறு கடையின்மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்ற நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா, கற்பித்தலின் பொருட்டு ஆசிரியரும் மாணவரும் எடுக்கும் நகல் பதிப்புரிமை மீறலாகாது எனத் தீர்ப்பளித்தார். நூலகத்தில் அமர்ந்து கையால் எழுதியெடுப்பது குற்றமில்லை என்றால், பொறியால் எடுப்பது மட்டும் எவ்வாறு குற்றமாகும் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. அவ்வாண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வும் கற்பித்தலுக்கான நகலுக்குச் சட்டம் தந்த இடத்தைக் குறுக்க மறுத்தது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

இவ்வளவு போராடிக் காத்த உரிமை, அதே நூல் மின்னூலாக வரும்போது என்னாகிறது? அச்சிட இயலாது, அல்லது சில பக்கங்களுக்குமேல் இயலாது, மேற்கோளுக்காக ஒரு பத்தியைப் படியெடுக்கவும் கருவி இசைவதில்லை. நீதிமன்றம் தந்ததைப் பூட்டு மறுக்கிறது. பூட்டைத் திறக்க உதவுவோர் யாருக்கு உதவினோம் என்று பதிவேடு வைக்க வேண்டும் என்று சட்டம் விதிப்பதால், உதவ வருவாரும் அரியர்.

புதுவை மண்ணுக்குப் பூட்டும் புதிதன்று, சோதனையும் புதிதன்று. 1908இல் இங்கு வந்த பாரதியார், ‘இந்தியா’ இதழை 1910 வரை இங்கிருந்து வெளியிட்டார். ஆங்கிலேயர் எல்லைக்குள் இதழ் நுழையத் தடை விதிக்கப்பட்டது. சந்தா கட்டியவர்க்கு இதழ் சேரவில்லை. பணம் தந்தவர் கையில் தாள் இல்லை என்னும் நிலை அன்றே உண்டு. 1911இல் ஆஷ் துரை கொல்லப்பட்டபின், பிரெஞ்சு இந்தியாவில் தங்கிய அயலார் ஊர்ப்பெரியோர் ஐவரிடம் நற்சான்று பெற்றுப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற விதியும் வந்தது. ஒற்றர்கள் அவர் வீட்டுத் தெருவில் திரிந்தனர். 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார்.

அவர் மறைந்த பின்னர்ப் பாடல்களுக்குப் பூட்டு வந்தது. வறுமையுற்ற குடும்பத்தாரிடமிருந்து அச்சுரிமை அவர் தம்பி சி. விசுவநாதனிடம் சென்றது. இசைத்தட்டு உரிமை தனியே விற்கப்பட்டுக் கைமாறி, ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1948ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘பில்ஹண’னில் பாரதி பாடலைச் சேர்த்தபோது தகராறு எழுந்தது. பாரதி எவர் சொத்து என்று எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் கேட்கத் தொடங்கினர். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவை 1949இல் பாரதி படைப்புகளை நாட்டுடைமையாக்க முன்வந்தது. செட்டியார் தம் உரிமையை விலை கேளாது விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கும் குடும்பத்தார்க்கும் அரசு பணம் அளித்தது. அன்றைய சட்டப்படி ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுவரை பதிப்புரிமை உண்டாதலால், அம்முடிவு இல்லையேல் 1971 இறுதிவரை பாரதியைப் பாட இசைவு கேட்டுக்கொண்டிருப்போம். நம் ஊர்ப் பாவேந்தர் பாரதிதாசன் 1964இல் மறைந்தார். இன்றைய அறுபதாண்டுக் கணக்குப்படி அவர் நூல்கள் 2024 இறுதி வரை பூட்டுக்குள் இருந்திருக்கும். 1990இல் தமிழக அரசு அவற்றை நாட்டுடைமையாக்கியமையால் அந்நிலை நேரவில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இணையத்தில் தமிழ் நூல்களை இலவசமாக வைக்க முடிந்ததற்கும் இத்தகைய விடுதலையே துணை.

பதிப்புரிமையே வேண்டா என்பது நம் கருத்தன்று. செல்லம்மாள் பாரதி பட்ட பாட்டை அறிந்தோர் அவ்வாறு சொல்லார். ஆனால் அவர் துன்பத்தைப் பதிப்புரிமை தீர்த்துவிடவில்லை என்பதையும் மறத்தலாகாது. உரிமை குடும்பத்தைவிட்டு வெளியே சென்றபின்னரே அதற்குப் பெருவிலை உண்டாயிற்று.

சோதனைக்கு மீண்டும் வருவோம். பிரெஞ்சிந்தியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே இருந்த சுங்க ஒன்றியம் 1949இல் முடிந்தபின், 1954 நவம்பர் 1 வரை நிலவிய சுங்கக் கெடுபிடியை எண்பதைக் கடந்த நம் பெரியோர் சிலர் இன்றும் நினைவுகூர்வர். ஒரே சாலை பிரெஞ்சு ஊரையும் இந்திய ஊரையும் மாறிமாறிக் கடக்கும் நிலம் இது. மாமியார் வீடு செல்பவரும் மூட்டையை அவிழ்த்துக் காட்ட நேர்ந்தது. அந்தச் சோதனைக்கு ஒரு முடிவு நாள் வந்தது. இக்காலச் சோதனைகளுக்கு அவ்வாறு வருவது அரிது. 2001இல் ஒருவன் காலணியில் வெடிமருந்து மறைத்துச் சென்றான். அமெரிக்க நிலையங்களில் காலணி கழற்றும் விதி பிறந்து, 2025 ஜூலையில்தான் நீங்கிற்று. 2006இல் இலண்டனில் நீர்ம வெடிமருந்துச் சதி வெளிப்பட்டது. அன்றுமுதல் ஊறுகாய்ப் புட்டியும் ஐயத்துக்குரியதாயிற்று.

உயிர்காக்கும் சோதனையை நாம் வெறுக்கவில்லை. 1999 டிசம்பரில் இந்திய விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்டதை மறந்தவர் எவர்? நம் நிலையங்களில் மகளிரை மகளிரே திரைக்குப்பின் சோதிக்கின்றனர். முக்காடிட்ட தாய்மார்க்கு அது ஆறுதல். நாம் கேட்பது வேறு. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘டிஜி யாத்ரா’ முகத்தைக் கடவுச்சீட்டாக்குகிறது. 2024இல் சென்னைக்கும் வந்தது. இது விருப்பத்தின்பாற்பட்டது என்று அரசு கூறுகிறது. ஆயினும் வாயிலில் நிற்கும் பணியாளர் விளக்கம் தராமலே முகத்தைப் பதிவு செய்துவிடுகின்றனர் என்ற புகார்கள் செய்தித்தாள்களில் வந்தன. தனிமை அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24இல் தீர்ப்பளித்த நாட்டில், ‘வேண்டா, சீட்டையும் அடையாள அட்டையையும் காட்டுகிறேன்’ என்று சொல்லும் உரிமை பயணிக்கு உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் மிகச் சிலர். உண்டு என்று அறிந்தோரே சிலர்தாம்.

முறையிடவும் வழியுண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மின்வணிகத்தில் எண்மப் பொருள்களையும் சேர்த்துக்கொள்கிறது. தக்க காரணமின்றி ஒருதலையாக முறிக்க இடந்தரும் ஒப்பந்தத்தை நேர்மையற்ற ஒப்பந்தம் என்று அது வரையறுத்து, மாநில ஆணையத்தில் வழக்கிட வழி தருகிறது. புதுவையிலும் அவ்வாணையம் உண்டு.

நூலகங்கள் அலமாரியைக் குறைத்து மின்னூல் சந்தாவுக்கு மாறிவரும் காலம் இது. ஆண்டுச் சந்தா நின்றால், கட்டிய பணத்துக்குரிய நூல்களும் மறுநாளே மறையக்கூடும். துறையினர் ஒப்பமிடுமுன் சிலவற்றை எழுத்தில் பெறுதல் வேண்டும். சந்தா முடிந்தபின், பணம் செலுத்திய ஆண்டுகளின் இதழ்கள் நமக்கு எஞ்சுமா? வகுப்புக்கு எத்தனை பக்கம் அச்சிடலாம்? மாணவர் எதைப் படித்தனர் என்னும் பதிவு எவரிடம் இருக்கும்? பார்வையற்ற மாணவர் அந்நூலைத் திரைவாசிப்பானில் செவிமடுக்கப் பூட்டு இடந்தருமா? இறுதி வினாவுக்கு இல்லை என்று விடை வருமாயின், மாற்றுப்படி உருவாக்கிக்கொள்ள 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்திருப்பதையும், பார்வையற்றோர்க்கான மராக்கேசு உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா என்பதையும் விற்பனையாளரிடம் எடுத்துரைக்கலாம்.